கண்கட்டு இல்லாத நீதிதேவதை: பழைய இத்தாலியச் சித்திரங்களில் அறங்களை அடையாளம் காண்பது

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நூலகத்தில் இருந்த புதிய நீதிதேவதை சிலை செய்தியில் அடிபட்டது. சேலை கட்டிய சிலை. கண்ணில் துணி இல்லை, கையில் வாளுக்குப் பதில் அரசியலமைப்புப் புத்தகம். "காலங்காலமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றவளை இப்படி மாற்றலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு இடித்தது அந்தக் "காலங்காலமாக" என்ற சொல்தான்.

1300களிலும் 1400களிலும் இத்தாலியில் வரைந்த நீதிதேவதைகளை எடுத்துப் பாருங்கள். வாள் இருக்கும், தராசு இருக்கும். கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்கட்டு எப்போது வந்தது, யார் கட்டிவிட்டார்கள் என்பது சுவையான கதை, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மறுமலர்ச்சிக் காலச் சித்திரம் என்றாலே அதில் ஏதோ ரகசியச் செய்தி ஒளிந்திருக்கிறது என்ற நினைப்பும் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. யூடியூபில் தேடினால் மணிக்கணக்காக வரும். அறங்களைக் காட்டும் சித்திரங்களைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று போட்ட அடையாளங்கள் அவை. நமக்குப் புரியாமல் போனது, நாம் அந்த ஊர்க்காரர்களாகவோ அந்தக் காலத்தவர்களாகவோ இல்லாததால்தான்.

பத்திரிகைக் கார்ட்டூனில் இருந்து தொடங்குவோம்

பத்திரிகையில் ஒரு கார்ட்டூன். பெரிய அரக்கன் ஒருவன், பக்கத்தில் நடுங்கிக்கொண்டு ஒரு குடும்பத்தலைவர். அரக்கனின் வயிற்றில் 'விலைவாசி' என்று எழுதியிருக்கிறது. விலைவாசிக்குக் கை கால் கிடையாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் படத்தைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஆளாக்கி நிறுத்துவதற்கு ஆளுருவம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பொறுமை, நீதி, துணிச்சல் எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை அல்ல. சுவரில் வரைய வேண்டுமென்றால் ஓர் உடம்பு கொடுத்தாக வேண்டும். ஐரோப்பாவில் இந்த வழக்கத்துக்குப் பெரிய தூண்டுதல் கி.பி. 400ஐ ஒட்டி ப்ருடென்டியஸ் என்ற லத்தீன் கவிஞர் எழுதிய ஒரு நெடும்பாடல். அதில் அறங்களும் தீக்குணங்களும் போர்வீராங்கனைகளாக வந்து அடித்துக்கொள்கின்றன. பின்னால் வந்த ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு அந்தச் சண்டையை வரைந்துகொண்டே இருந்தார்கள்.

ஏன் எல்லாருமே பெண்கள்? "அந்தக் காலத்தில் பெண்களை உயர்வாக நினைத்தார்கள் போலிருக்கிறது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை. காரணம் இலக்கணம். லத்தீனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. யூஸ்திட்சியா (நீதி), ப்ரூதென்சியா (விவேகம்) போன்ற பண்புப்பெயர்கள் பெண்பால். சொல் பெண்பால் என்பதால் உருவமும் பெண்ணாயிற்று. தீக்குணங்களின் பெயர்களிலும் பெரும்பாலானவை பெண்பால்தான் என்பதால் பொறாமையும் பெண்ணாகவே வருகிறாள்.

ஏழு பேர்

பட்டியல் இரண்டு இடங்களில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. முதல் நான்கு கிரேக்கச் சரக்கு: விவேகம், நீதி, திடம், மிதம். பிளேட்டோவிடமே இந்த நால்வர் இருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் இவற்றைக் கதவின் கீலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து பிறந்த பெயரால் அழைத்தார். கதவு கீலில் திரும்புவதுபோல மற்ற நல்ல குணங்கள் எல்லாம் இந்த நான்கில் திரும்புகின்றன என்பது கருத்து. அடுத்த மூன்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்து வந்தவை: விசுவாசம், நம்பிக்கை (நல்லது வரும் என்ற எதிர்பார்ப்பு), அன்பு.

நம்மூரில் ஞானோபதேசம் படித்து வளர்ந்த கத்தோலிக்கர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதில்லை. ஆனால் ஒரு குழப்பம் வரும். தலையான பாவங்கள் ஏழு, அவற்றுக்கு எதிராகத் தாழ்ச்சி (பணிவு), பொறுமை, மட்டசனம் (அளவான சாப்பாடு) என்று ஏழு புண்ணியங்கள் சொல்லிக்கொடுப்பார்கள் இல்லையா, அது வேறு ஏழு. இத்தாலியச் சுவர்களிலும் தாள்களிலும் அடிக்கடி கூட்டமாக நிற்பவர்கள் மேலே சொன்ன நான்கும் மூன்றும் சேர்ந்த ஏழு பேர். சிலசமயம் எட்டாவதாகத் தாழ்ச்சியையும் சேர்த்துக்கொள்வார்கள். பிளாரன்ஸ் ஞானஸ்நானக் கோயிலுக்கு 1330களில் ஆந்த்ரேயா பிசானோ செய்த வெண்கலக் கதவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். பண்புக்கு உடம்பு கொடுத்தால் ஆளுருவம். லத்தீன் இலக்கணத்தால் அந்த உடம்பு பெண். வழக்கமான கூட்டம் ஏழு பேர், நால்வர் கிரேக்க வழி, மூவர் கிறித்தவ வழி. இனி வரும் கேள்வி: ஏழு பெண்கள் வரிசையாக நின்றால் யார் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் என்ன இருக்கிறது?

வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி. முகத்தைப் பார்த்து நாம் சொல்வதில்லை. காலண்டர் ஓவியர் சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் ஒரே முகத்தை வரைந்தாலும் நமக்குக் கவலையில்லை. ஓர் உருவம் இன்னார் என்று காட்டுவதற்காகக் கூடவே வரும் பொருளையோ விலங்கையோ அடையாளப்பொருள் என்கிறேன். இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

நேரில் பார்க்க நல்ல இடம் இத்தாலியின் பாதுவா நகரில் உள்ள ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம். 1305ஐ ஒட்டி ஜியோட்டோ என்ற ஓவியர் அதன் சுவர்களில் வரைந்தார். அது மறுமலர்ச்சிக்கு ஒரு நூற்றாண்டு முந்தியதுதான், ஆனால் பின்னால் வந்தவர்கள் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள். மேலே இயேசுவின் வாழ்க்கை முழு வண்ணத்தில். கீழே, நம் கண் மட்டத்துக்கு அருகில், சாம்பல் நிறத்தில் கற்சிற்பம்போல ஏழு அறங்கள். எதிர்ச்சுவரில் ஏழு தீக்குணங்கள். பெயர்களும் தலைக்கு மேலே எழுதியிருக்கின்றன, நம் கார்ட்டூன் அரக்கனின் வயிற்றைப் போலவே.

அன்பைப் பாருங்கள். ஒரு கையில் பழமும் பூவும் நிறைந்த கிண்ணம். இன்னொரு கையால் தன் இதயத்தையே மேலே கடவுளிடம் நீட்டுகிறாள். கால் எதன்மேல் இருக்கிறது? பணமூட்டைகள்மேல். எதிர்ச்சுவரில் பொறாமை. நெருப்பில் நின்றுகொண்டு ஒரு பையை இறுகப் பிடித்திருக்கிறாள். அவள் வாயில் இருந்து கிளம்பிய பாம்பு வளைந்து திரும்பி அவள் கண்ணையே கொத்த வருகிறது. பொறாமை பிடித்தவரின் நாக்கு கடைசியில் யாரைக் கடிக்கும் என்று இதைவிடத் தெளிவாக வரைய முடியுமா என்று தெரியவில்லை.

இந்தப் பணமூட்டைக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. சிற்றாலயத்தைக் கட்டிய என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞியின் தந்தை ரெஜினால்தோ வட்டிக்குப் பணம் கொடுத்தவர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகப் பகுதியில் வட்டிக்காரர்கள் கூட்டத்தில் அவரை உட்கார வைத்தார். பெயரைச் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பையில் நீலநிறச் சினைப்பன்றி இருந்தது என்றார், அவ்வளவுதான். அது அந்தக் குடும்பத்தின் சின்னம். படித்தவர்களுக்கு ஆள் யார் என்று புரிந்துவிட்டது. நரகத்திலும் அடையாளப்பொருள்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

மிதம் என்ற சிக்கலான பெண்

சில அறங்கள் ஓவியருக்கு எளிது. நீதிக்குத் தராசு, திடத்துக்குச் சிங்கமோ தூணோ, முடிந்தது வேலை. மிதம்தான் படுத்தும். 'அளவோடு இருப்பது' என்பதை எப்படி வரைவது? எதையும் செய்யாமல் இருப்பதுதானே அது!

ஜியோட்டோ அவள் வாயில் குதிரைக் கடிவாளத்தை மாட்டினார். கையில் வாள் இருக்கிறது, ஆனால் உறையோடு வாரால் சுற்றிக் கட்டியிருக்கிறது. வாளே இல்லாதவளாக வரைந்திருந்தால் மிதம் தெரிந்திருக்காது. வாள் இருந்தும் உருவ முடியாதபடி கட்டிவைத்ததில்தான் தெரிகிறது. இது பெரிய ஓவியரின் மூளை.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, 1338-39இல், சியெனா நகரமன்றத்தில் 'நல்லாட்சி' என்ற பெரிய சுவரோவியத்தை வரைந்த அம்ப்ரோஜியோ லொரென்செட்டி அதே மிதத்தின் கையில் மணற்கடிகாரத்தைக் கொடுத்தார். மணற்கடிகாரம் அப்போது புதுப்பொருள். இன்றைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மணற்கடிகாரப் படங்களில் அதுவும் ஒன்று. மணல் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக விழுகிறது. அளவு என்பதற்கு அருமையான படம்.

அப்புறம் மூன்றாவது வகை ஒன்று பரவியது: ஒரு குடத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் பெண். திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பது அங்கே வழக்கம், கலக்காமல் குடித்தால் தலைக்கேறும். ஆக, நீர் கலப்பவள் மிதம்.

கடிவாளம், மணற்கடிகாரம், நீர்க்குடம். பெண் ஒருத்திதான். இங்கேதான் அகராதிபோல "இந்தப் பொருளுக்கு இந்த அர்த்தம்" என்று மனப்பாடம் செய்பவர்கள் சறுக்குகிறார்கள். பட்டியலைத் திருச்சபை கொடுத்தது, பொருளைத் தேர்ந்தெடுத்தது ஓவியர். தன் ஊரில் எதைப் பார்த்தால் சட்டென்று புரியும் என்று யோசித்துத்தான் எடுத்தார்.

ஒரே கண்ணாடி, இரண்டு பெண்கள்

பொருள் ஒன்றாக இருந்தும் ஆள் மாறுவதும் உண்டு. விவேகத்தின் கையில் கண்ணாடி இருக்கும். தன்னைத்தானே உள்ளபடி பார்ப்பது, முதுகுப்பக்கம் நடந்துபோனதையும் கவனிப்பது. ஆனால் காமத்தின் கையிலும் கண்ணாடி இருக்கும், அழகு பார்த்துக்கொள்ள. பாம்பும் அப்படித்தான். பொறாமையின் வாயில் அது விஷம். விவேகத்தின் கையில் அதுவே புத்தி, ஏனென்றால் மத்தேயு நற்செய்தியில் பாம்பைப்போல் விவேகமாகவும் புறாவைப்போல் கபடில்லாமலும் இருக்கச் சொல்லியிருக்கிறது.

அப்போது எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பாம்பும் சேர்ந்தால் விவேகம். கண்ணாடி பிடித்தவளின் பின்தலையில் ஒரு கிழவரின் முகம் இருந்தாலும் விவேகம்: ஒரு முகம் வருவதைப் பார்க்கிறது, மற்றது போனதைப் பார்க்கிறது. ஜியோட்டோவின் விவேகத்துக்கு அப்படி இரண்டு முகம். தமிழில் 'அடி' என்ற சொல்லைத் தனியாகக் கொடுத்தால் காலா, உதையா, அளவா, செய்யுளா என்று யாராலும் சொல்ல முடியாது. வாக்கியத்தில் வைத்தால் சந்தேகமே வராது. அடையாளப்பொருளும் அப்படித்தான்.

சுருக்கமாக: முகம் முக்கியமில்லை, கூட இருக்கும் பொருள் முக்கியம். ஒரே அறத்துக்குப் பல பொருள்கள் இருக்கலாம், ஒரே பொருள் பல பேரிடம் இருக்கலாம். அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

தாள், கோழியெலும்பு, வெள்ளிக்கம்பி

இதுவரை பெரும்பாலும் சுவரைப் பார்த்தோம். இனி கோட்டோவியம். வண்ணம் இல்லாமல் கோட்டால் மட்டும் போட்டது என்று பொருள். அன்றைக்கு அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. பட்டறையில் மேசைமேல் கிடந்த வேலைத்தாள் அது. தொழில் பழகும் பையன்கள் பார்த்து வரைந்து பழகியது, பணம் கொடுப்பவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கியது, அடுத்த வேலைக்கு எடுத்து வைத்தது. அழுக்கும் மடிப்புமாகத் தப்பித்து வந்த தாள்களைத்தான் இன்று அருங்காட்சியகங்கள் இருட்டறையில் பாதுகாக்கின்றன.

1400ஐ ஒட்டி சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தொழில் பழகும் பையனுக்காக ஒரு கையேடு எழுதினார். எப்படித் தொடங்குவது? ஒரு சாண் சதுரத்தில் மரப்பலகை எடுத்துக்கொள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கும் கோழியின் தொடையெலும்பையும் இறக்கையெலும்பையும் எடுத்து நெருப்பில் போடு. சாம்பலைவிட வெளுத்ததும் எடுத்து நன்றாக அரை. அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்து எச்சிலில் குழைத்துப் பலகை முழுக்கத் தடவு. காயும்வரை விரல் நுனியால் தட்டிக்கொண்டே இரு. பிறகு வெள்ளி முனை கொண்ட எழுதுகோலால் மெல்ல வரை.

சொரசொரப்பான அந்தப் பூச்சில் வெள்ளி இழுபடும்போது துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் சாம்பல் நிறம், நாளாக ஆக வெள்ளிப் பாத்திரம் கறுப்பதுபோல மங்கிப் பழுப்பாகும். இதை வெள்ளிமுனைக் கோடு என்பார்கள். பென்சில்போல அழுத்தினால் கறுக்காது, லேசில் அழிக்கவும் முடியாது. அதனால் கை யோசித்துத்தான் நகரும். இப்படிப்பட்ட கையில் இருந்து வந்த அறங்களில் தேவையில்லாத பொருள் அதிகம் இருக்காது.

பட்டறை வேலையை அப்படியே காட்டும் ஒன்று பிளாரன்ஸ் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1469இல் அந்நகர வணிகர் நீதிமன்றம் தன் கூடத்துக்கு ஏழு அறங்களையும் வரையச் சொல்லியது. ஆறு படங்கள் பியெரோ பொல்லயுவோலோ கையில். ஒன்று மட்டும், திடம், இளைஞரான பொட்டிச்செல்லிக்குப் போனது, 1470இல் முடித்தார். பியெரோவின் அன்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் தீச்சுடர், மறுபக்கம் பால் குடிக்கும் குழந்தை. சுடர் கடவுள்மேல் அன்பு, குழந்தை மனிதர்மேல் அன்பு. இதுவரை எல்லாரும் பார்ப்பது. அந்த மரப்பலகையைத் திருப்பினால் பின்பக்கத்தில் அதே அன்பு கோடாக இருக்கிறாள். சுவரில் மாட்டியதும் அந்தப் பக்கம் யார் கண்ணுக்கும் படப்போவதில்லை. என் ரசனைக்கு முன்பக்கத்து வண்ணத்தைவிடப் பின்பக்கத்துக் கோட்டில்தான் உயிர் அதிகம்.

பிசானெல்லோ வரைந்த ஒரு பேனாச் சித்திரம் வியன்னாவின் அல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் உண்டு. அறம் இல்லை, அதன் எதிரி காமம். மெலிந்த பெண் ஒருத்தி ஆடையின்றிச் சாய்ந்து படுத்திருக்கிறாள், சுருண்ட அடர்த்தியான கூந்தல். கால்மாட்டில் ஒரு முயல். நான் புதியவர்களுக்குச் சொல்லும் சோதனை இதில் நன்றாக வேலை செய்யும்: முயலை விரலால் மறைத்துப் பாருங்கள். வெறுமனே படுத்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். விரலை எடுங்கள், காமம் வந்துவிட்டாள். குட்டிமேல் குட்டி போடும் முயல் அங்கே காமத்தின் விலங்கு. எதை மறைத்தால் ஆள் தொலைந்துபோகிறாரோ அதுதான் அடையாளப்பொருள். மற்றதெல்லாம் அலங்காரம்.

விலங்குகள் எங்கிருந்து வந்தன?

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் சொல்கிறோம். எந்த அன்னமும் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் அன்னம் என்றதும் பகுத்தறிவது நினைவுக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட நம்பிக்கைகளைத் தொகுத்த நூல்கள் நிறைய இருந்தன. அவற்றை விலங்குநூல் என்று அழைக்கலாம். விலங்கியல் நூல் என்று நினைத்துவிடாதீர்கள். இது குணங்களுக்கு உதாரணமாக விலங்குகளைச் சொல்லும் நூல்.

1465ஐ ஒட்டி வட இத்தாலியில் 50 படங்கள் கொண்ட அச்சுத் தொகுதி ஒன்று வெளிவந்தது. செப்புத் தகட்டில் கோடு கீறி, மை பூசி, தாளில் ஒற்றி எடுத்தவை. 'மாந்தேஞ்ஞாவின் சீட்டுகள்' என்று பெயர் நின்றுவிட்டது, ஆனால் அவை ஆடும் சீட்டும் இல்லை, மாந்தேஞ்ஞா என்ற ஓவியர் செய்ததும் இல்லை. அதில் ஏழு அறங்களுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு விலங்கு நிற்கிறது. விசுவாசத்துக்கு நாய். நம்பிக்கைக்குச் சாம்பலில் இருந்து எழும் ஃபீனிக்ஸ். அன்புக்குத் தன் மார்பைக் கொத்தி ரத்தத்தைக் குஞ்சுக்கு ஊட்டும் கூழைக்கடா.

எனக்குப் பிடித்தது நீதியின் கொக்கு. அது காலில் ஒரு கல்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கூட்டம் தூங்கும்போது ஒரு கொக்கு ஒற்றைக்காலில் காவல் நிற்குமாம். மறுகாலில் கல். கண் அசந்தால் கல் விழும், விழுந்தால் விழிப்பு வரும். கண்ணை மூடாமல் இருப்பதுதான் இந்த நீதியின் பெருமை என்பதைக் கவனியுங்கள்.

இந்த அச்சுகள் கைமாறிக் கைமாறி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டின. ஜெர்மானிய ஓவியரான ட்யூரர் இளவயதில் இவற்றில் பலவற்றைப் பார்த்துப் பேனாவால் வரைந்து பழகினார். ஓரூர் அடையாளம் கண்டம் முழுக்கப் பரவியதற்கு வழி இதுதான், தாள்.

லியொனார்டோ, அளவுக்கு மிஞ்சியபோது

ரகசியக் குறியீடு என்ற பேச்சு பெரும்பாலும் லியொனார்டோ டா வின்சியைச் சுற்றித்தான் வரும். அவரும் அறங்களை வரைந்தார். 1480களிலும் 90களிலும் மிலானை ஆண்ட லுதோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் இருந்தபோது போட்ட சில தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் இருக்கின்றன.

ஒன்றில் இரண்டு மேலுடல்கள் ஒரே கீழுடலில் இருந்து கிளைக்கின்றன. ஒருத்தி அறம், மற்றவள் பொறாமை. அறம் பிறந்த கணமே பொறாமையையும் பெற்றுவிடுகிறது என்றும், நிழலில்லாத உடலைக்கூடப் பார்க்கலாம், பொறாமை தொடராத அறத்தைப் பார்க்க முடியாது என்றும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். ஒரே உடம்பில் இரண்டு பேர், அருமையான யோசனை, எழுத்தே இல்லாமலும் பாதி புரிந்துவிடும்.

ஆனால் பொறாமையைப் பற்றிய அவருடைய குறிப்பைப் படித்தால் மூச்சு முட்டும். முகத்தில் அழகான முகமூடி. கண்ணைக் குத்தும் ஆலிவ் கிளை, காதைக் குத்தும் லாரல் இலை, ஏனென்றால் வெற்றியும் உண்மையும் அவளுக்குப் பொறுக்காது. சிறுத்தைத் தோல், ஏனென்றால் சிறுத்தை சிங்கத்தைச் சூதால் கொல்லும். பூச்சாடி, பூவுக்கு அடியில் தேள். இத்தனையோடு மரணத்தின்மேல் சவாரி. இப்படிப் பல ஆளுருவங்களும் பொருள்களும் சேர்ந்து ஒரு கருத்தையே கதையாகச் சொல்லும் படத்தை உருவகக் காட்சி என்பார்கள்.

ஜியோட்டோவுக்கு ஒரு பாம்பு போதுமாக இருந்தது. லியொனார்டோவுக்கு ஒரு பொருட்காட்சியே தேவைப்பட்டது. பார்ப்பவர் மாறிவிட்டார் என்பதுதான் காரணம். பாதுவாவில் வந்தவர்கள் ஊர் மக்கள். மிலானில் பார்த்தவர்கள் அரசவையினர், புதிரை அவிழ்ப்பதே அவர்களுக்கு விளையாட்டு. அப்படியும் அதில் மறைத்த செய்தி எதுவும் இல்லை. விளக்கத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் இடக்கையால் வலமிருந்து இடமாக எழுதியதால் கண்ணாடியில் காட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

சுருக்கம்: தாளும் அச்சும் அடையாளங்களைப் பொதுச்சொத்தாக்கின, விலங்குநூல்கள் புதிய சரக்கு தந்தன, அரசவை அதைப் புதிராக்கியது.

சரி, கண்கட்டு?

1494, பாஸல் நகரம். செபாஸ்டியன் ப்ரான்ட் எழுதிய, முட்டாள்களைக் கப்பலில் ஏற்றிக் கிண்டலடிக்கும் ஒரு நூல் மரச்செதுக்குப் படங்களோடு வெளிவந்தது. எடுத்ததற்கெல்லாம் வழக்குப் போட்டு இழுத்தடிப்பவர்களைப் பற்றிய பக்கத்தில் நீதி வாளோடும் தராசோடும் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இருந்து கோமாளிக்குல்லாய் போட்ட முட்டாள் ஒருவன் அவள் கண்ணைத் துணியால் கட்டுகிறான்.

கண்கட்டிய நீதியின் மிகப் பழைய படமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அது பாராட்டு இல்லை, கேலி: "பார், இவளுக்கு இனி எதுவும் தெரியாது." அடுத்த நூற்றாண்டில்தான் அர்த்தம் தலைகீழானது. கண்ணைக் கட்டினால் பணக்காரன் ஏழை பார்க்க மாட்டாள் என்று அதையே பெருமையாக்கிவிட்டார்கள். 1543இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வைத்த நீரூற்றுச் சிலையில் நீதி கண்கட்டோடு கம்பீரமாக நிற்கிறாள். ஐம்பதே ஆண்டுகளில் வசவு விருதாகிவிட்டது.

எர்மின்

கடைசியாக ஒரு சின்னத் தாள். உண்மையிலேயே சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும், குறுக்களவு சுமார் 9 சென்டிமீட்டர். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1490ஐ ஒட்டி லியொனார்டோ பழுப்பு மையில் ஒரு வட்டத்துக்குள் போட்டது. வேடன் ஒருவன் அடிக்க வருகிறான். எர்மின் என்ற பிராணி, கீரிப்பிள்ளைபோல மெலிந்து நீண்டது, குளிர்காலத்தில் வெள்ளைவெளேரென்று மாறும், ஓடாமல் நிற்கிறது. தப்பிக்க வேண்டுமானால் சேற்றில் இறங்க வேண்டும். ரோமம் அழுக்காவதைவிடப் பிடிபடுவதே மேல் என்று அது நின்றுவிடுமாம். நமக்குக் கவரிமா நினைவுக்கு வராமல் இருக்காது. தன் குறிப்பேட்டில் லியொனார்டோ எர்மினை மிதத்துக்கு உதாரணமாக எழுதியிருக்கிறார், ஒருநாளைக்கு ஒருவேளைதான் சாப்பிடும் என்று வேறு சேர்த்து.

இதில் ஆளுருவமே இல்லை. வாயில் கடிவாளம் போட்ட பெண் போய்விட்டாள். அவளுக்கு அடையாளமாக இருக்க வேண்டிய பிராணி மட்டும் தனியாக நின்று அறத்தைச் சுமக்கிறது. ஜியோட்டோவில் இருந்து இருநூறு ஆண்டுகளுக்குள் கோடு இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

எர்மின் லுதோவிகோவின் சின்னமும்கூட. நேப்பிள்ஸ் அரசர் தன் எர்மின் விருதுக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். போலந்தின் க்ராக்கோவில் உள்ள லியொனார்டோவின் புகழ்பெற்ற ஓவியத்தில் லுதோவிகோவின் காதலி செசிலியா கல்லெரானி கையில் வைத்திருப்பதும் எர்மின்தான். லுதோவிகோ 1500 ஏப்ரலில் நொவாரா நகரில் பிரெஞ்சுப் படையிடம் சிக்கினார். கூலிக்கு வந்த சுவிஸ் வீரர்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, அவர்களில் ஒருவரைப்போல வேடம் போட்டு வரிசைக்குள் ஒளிந்து நழுவப் பார்த்தார். அடையாளம் கண்டு பிடித்துவிட்டார்கள்.